கோயில் தீர்ப்பு கையில் இருக்கிறது, கோர்ட் எதற்கு?

பெங்களூரு லிங்கராஜபுரம் பக்கத்திலிருந்து ஒரு கத்தோலிக்கச் சகோதரி எழுதியிருக்கிறார். கோடு போட்ட நோட்டுத் தாளில் ஏழு பக்கம். யார் என்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 34. 2014 மே மாதம் தன் சொந்தப் பங்குக் கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை (திருமண அறிவிப்பு) வாசித்து, உறவெல்லாம் கூடி நடந்த திருமணம். மாப்பிள்ளை கோயம்புத்தூர். புகுந்த வீடு போன சில வாரங்களிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. திருமணத்துக்கு முன்பே அவர் இரண்டு முறை குடிமறுவாழ்வு மையத்தில் இருந்தவர். மாப்பிள்ளை வீட்டார் அதை மறைத்துவிட்டார்கள். நான்கு வருடம் அடியும் வசவுமாகப் போனது. 2018-ல் இரண்டரை வயது மகளைத் தூக்கிக்கொண்டு பெங்களூருக்குத் தாய்வீடு வந்துவிட்டார். இப்போது ஒரு கிளினிக்கில் பில்லிங் வேலை. 2021-ல் திருச்சபையின் மறைமாவட்டத் தீர்ப்பாயத்தில் மனு கொடுத்தார். மூன்று வருடம் கழித்து அந்தத் திருமணம் ஆரம்பத்திலிருந்தே செல்லாதது என்று தீர்ப்பு வந்தது. கோர்ட்டுக்கு அவர் போகவே இல்லை.

இப்போது பக்கத்துப் பங்கைச் சேர்ந்த ஒருவர், மனைவியை இழந்தவர், ரயில்வேயில் வேலை, இவரைத் திருமணம் செய்ய விரும்புகிறார். இரு வீட்டுக்கும் சம்மதம். தவக்காலத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்று அம்மா அவசரப்படுகிறார். ஆனால் பங்குத்தந்தை, சிவில் கோர்ட்டின் விவாகரத்து ஆர்டர் காப்பி இல்லாமல் ஓலை வாசிக்க முடியாது என்று சொல்லிவிட்டார். "ஃபாதர் கன்னடக்காரர். தமிழ்ப் பூசை என்றாலே அவருக்கு ஆகாது. அதனால்தான் இழுத்தடிக்கிறார்" என்கிறார் அண்ணன். திருச்சிப் பக்கம் தெரிந்த சாமியார் ஒருவர் இருக்கிறார், அங்கே போய்ச் சத்தமில்லாமல் முடித்துவிடலாம் என்பது அண்ணனின் யோசனை. ஏழு வருடம் பிரிந்திருந்தால் கல்யாணம் தானாகவே முறிந்துவிடும் என்று இன்னொரு உறவினர். "கோயிலே செல்லாது என்று சொன்னபின் என் மகள் யாருடைய பிள்ளை? அடுத்த மே மாதம் அவளுக்குப் புதுநன்மை (முதல் நற்கருணை) கொடுப்பார்களா?" என்பது அவரை இரவில் தூங்கவிடாத கேள்வி.

கடிதத்தின் ஆறாவது பக்கத்தில், கேள்வி என்று எதுவும் கேட்காமல், ஒரு விஷயம் எழுதியிருக்கிறார். 2018-லிருந்து அவர் நன்மை (நற்கருணை) வாங்குவதில்லை. கணவனைப் பிரிந்து வந்தவர்கள் நன்மை வாங்கக்கூடாது, பாடல்குழுவிலும் நிற்கக்கூடாது என்று பங்கின் சிறு குழுவான அன்பியத்தில் ஒரு ஆன்ட்டி சொன்னாராம். அன்றிலிருந்து நன்மை நேரத்தில் பெஞ்சிலேயே உட்கார்ந்து, மற்றவர்கள் வரிசைக்குப் போக முழங்காலை ஒருபக்கமாக ஒதுக்கி வழிவிடுகிறார். போன மாதம் மகள் காதோடு கேட்டிருக்கிறாள்: "அம்மா, நீங்க ஏன் போகல? நீங்க பாவம் பண்ணீங்களா?"

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் ஆறாவது பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. ஆனால் ஏழு பக்கத்திலும் மிகப் பெரிய அநியாயம் அதில்தான் இருக்கிறது. மற்றவையெல்லாம் மனு, வாய்தா, காப்பி என்று தீரக்கூடியவை.

நான் வழக்கறிஞர், குருவானவர் இல்லை. ஆனாலும் இதைத் தயக்கமில்லாமல் சொல்ல முடியும். கணவனைப் பிரிந்து வாழ்வதோ, கோர்ட்டில் விவாகரத்து வாங்குவதோ ஒருவரை நற்கருணையிலிருந்து தள்ளிவைப்பதில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் போதனையில் அப்படி ஒரு தடை கிடையாது. திருச்சபை கேள்வி எழுப்புவது, முதல் திருமணம் செல்லும் என்ற நிலையிலேயே இன்னொருவருடன் கணவன் மனைவியாக வாழத் தொடங்கும்போதுதான். 1981-ல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் குடும்பத்தைப் பற்றி எழுதிய மடலிலேயே இது தெளிவாக இருக்கிறது: விவாகரத்து ஆகி, மறுமணம் செய்யாமல் வாழ்பவர்கள் அருட்சாதனங்களைப் பெறுவதற்குத் தடை ஏதும் இல்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2016-ல் இன்னும் ஒரு படி மேலே போய், இப்படிப்பட்டவர்கள் நற்கருணையில் பலம் பெறும்படி ஊக்கப்படுத்தப்பட வேண்டும் என்றே எழுதினார். பிள்ளையின் பராமரிப்புக்கோ சட்ட உரிமைகளுக்கோ வேறு வழியில்லை என்றால், சிவில் விவாகரத்து வாங்குவது பாவம் ஆகாது என்று மறைக்கல்வி ஏடும் சொல்கிறது.

இதை அந்த ஆன்ட்டி அறிந்திருக்க மாட்டார். கெட்ட எண்ணத்தில் சொன்னார் என்றும் நான் நினைக்கவில்லை. நம் பங்குகளில் இப்படி வாய்வழியாக வந்த சட்டங்கள் நிறைய. பாட்டி சொன்னது அம்மாவுக்கு வந்து, அம்மா சொன்னது அன்பியக் கூட்டத்துக்கு வந்து, கடைசியில் யாரோ ஒரு பெண் ஏழு வருடம் பெஞ்சில் முழங்காலை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு இதைப் படித்தபோது கோபம்தான் வந்தது. அடிபட்டவர் நீங்கள், ஏமாற்றப்பட்டவர் நீங்கள், தண்டனையும் உங்களுக்கே.

நீங்களும் உங்களை மணக்க விரும்புகிற ரயில்வே ஊழியரும் சேர்ந்து வாழவில்லை, வியாழக்கிழமை விவேக்நகர் குழந்தை இயேசு கோயில் நவநாளில் பார்த்துப் பேசுவதோடு சரி என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இன்றைக்கே உங்களுக்குத் தடை இல்லை. ஏழு வருட இடைவெளி மனதை உறுத்தினால், ஒரு பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டுப் போங்கள். பாடல்குழுவுக்கும் அப்படித்தான். மகளிடம் என்ன சொல்வது என்று கேட்கத் தயங்கியிருக்கிறீர்கள். "அம்மா பாவம் பண்ணல. ஒருத்தர் தப்பா சொன்னாங்க, அம்மா அதை நம்பிட்டேன்" என்று சொல்லுங்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது புரியும்.

மகள் யாருடைய பிள்ளை?

அவள் உங்கள் இருவரின் முறையான மகள். திருச்சபைச் சட்டம் 1137 அதைத்தான் சொல்கிறது: திருமணம் பின்னால் செல்லாது என்று தீர்ப்பானாலும், இருவரில் ஒருவராவது நல்லெண்ணத்தோடு செய்துகொண்ட திருமணத்தில் பிறந்த பிள்ளை முறையான பிள்ளையே. நீங்கள் நல்லெண்ணத்தோடுதான் பீடத்தின் முன் நின்றீர்கள். தீர்ப்பாயம் உங்கள் திருமணத்தைப் பற்றித்தான் பேசியது, உங்கள் குழந்தையைப் பற்றிப் பேசவில்லை. சிவில் சட்டத்தில் உங்கள் திருமணம் இன்றுவரை செல்லுபடியாகிற திருமணம், எனவே அங்கே இந்தக் கேள்விக்கே இடமில்லை. நாளை விவாகரத்து ஆனாலும் அவளுடைய நிலை மாறாது. அப்பாவின் சொத்தில் அவளுக்குள்ள வாரிசு உரிமையும் போகாது. புதுநன்மைக்கு அவளுடைய ஞானஸ்நானமும் தயாரிப்பு வகுப்பும் போதும். பெற்றோரின் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று யாரும் கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

கோயில் தீர்ப்பு வேறு, கோர்ட் தீர்ப்பு வேறு

இப்போது உங்கள் தலைக் கேள்விக்கு வருகிறேன். "செல்லாது என்று தீர்ப்பு வந்துவிட்டதே, இல்லாத கல்யாணத்துக்கு எதற்கு விவாகரத்து?" கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த நியாயத்தை உச்ச நீதிமன்றம் இரண்டு முறை கேட்டு, இரண்டு முறையும் ஏற்கவில்லை.

முதலாவது 1996-ல் வந்த ஒரு தீர்ப்பு. அந்த வழக்கை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அது கிட்டத்தட்ட உங்கள் கதை. ஒரு பெண்ணின் முதல் திருமணத்தைத் திருச்சபைத் தீர்ப்பாயம் செல்லாது என்று அறிவித்தது. அதை நம்பி அவர் இரண்டாவது திருமணம் செய்தார். பிறகு அந்த இரண்டாவது கணவரே கோர்ட்டுக்குப் போனார். "என்னை மணந்தபோது இவருடைய முதல் கணவர் உயிரோடு இருந்தார், சிவில் கோர்ட்டில் விவாகரத்து ஆகவில்லை, எனவே எங்கள் திருமணம் செல்லாது" என்றார். உச்ச நீதிமன்றம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. கிறிஸ்தவர்களின் திருமணத்தை ரத்து செய்யவோ முறிக்கவோ 1869-ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டப்படி நீதிமன்றத்துக்கு மட்டுமே அதிகாரம், தீர்ப்பாயத்தின் முடிவு அதைக் கட்டுப்படுத்தாது என்றது. பிறகு, திருச்சபைத் தீர்ப்பாயங்களின் முடிவைச் சட்டம் ஏற்க வேண்டும் என்று நம் கர்நாடகத்திலிருந்தே ஒரு கத்தோலிக்கர் பொதுநல வழக்குப் போட்டார். 2017 ஜனவரியில் அதையும் தள்ளுபடி செய்தார்கள்.

ஆகவே இன்றைய தேதியில், திருச்சபையைப் பொறுத்தவரை நீங்கள் மணமாகாதவர். இந்தியச் சட்டத்தைப் பொறுத்தவரை நீங்கள் இன்னும் கோயம்புத்தூர்க்காரரின் மனைவி. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. விசித்திரமாக இருந்தாலும் அப்படித்தான். இதன் மறுபக்கமும் உண்டு: கோர்ட் விவாகரத்து மட்டும் வாங்கியவர்கள், தீர்ப்பாயத்துக்குப் போகாமல் கோயிலில் மறுமணம் செய்ய முடியாது. நீங்கள் கஷ்டமான பாதியை ஏற்கெனவே முடித்துவிட்டீர்கள்.

இந்த நிலையில் இன்னொரு திருமணம் செய்தால் அது சட்டப்படி செல்லாது. கணவர் உயிரோடு இருக்க மறுமணம் செய்வது குற்றமும்கூட. முன்பு இந்தியத் தண்டனைச் சட்டம் 494. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 82-வது பிரிவு. ஏழு வருடம் வரை சிறைத் தண்டனை. "அவர் எங்கே கேஸ் போடப்போகிறார்" என்று அண்ணன் சொல்லக்கூடும். போடாமல் இருக்கலாம். ஆனால் குடிப்பவரின் கோபத்தை நம்பி நீங்கள் ஒரு குடும்பம் கட்டக்கூடாது.

பல வருடங்களுக்கு முன் ஒரு பெண் என்னிடம் வந்தார். பிளாஸ்டிக் கவருக்குள் ரேஷன் கார்டோடு சேர்த்து ஒரு காகிதத்தை வைத்திருந்தார். மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, செல்லோடேப் ஒட்டி, அந்த டேப்பும் மஞ்சளாகிப் போயிருந்தது. தீர்ப்பாயத்தின் தீர்ப்பு. அதை நம்பி மறுமணம் செய்து பதினோரு வருடம் நிம்மதியாக வாழ்ந்தவர். இரண்டாவது கணவர் திடீரென்று இறந்தார். குடும்ப ஓய்வூதியத்துக்கு மனு போட்டபோது முதல் திருமணத்தின் விவாகரத்து ஆர்டரைக் கேட்டார்கள். அவர் அந்த மஞ்சள் டேப் காகிதத்தை நீட்டினார். அவர்கள் படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். என்னாலும் அவருக்கு ஓய்வூதியம் வாங்கித்தர முடியவில்லை. அந்தக் காகிதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

உங்கள் விஷயத்தில் இது இன்னும் நெருக்கம், ஏனென்றால் உங்களை மணக்க விரும்புகிறவர் ரயில்வே ஊழியர். கணவனோ மனைவியோ உயிரோடு இருக்கிற ஒருவரைத் திருமணம் செய்யக்கூடாது என்று ரயில்வே ஊழியர் நடத்தை விதிகளிலேயே இருக்கிறது. யாராவது ஒரு பெட்டிஷன் எழுதிப் போட்டால் போதும், துறை விசாரணை வரும். அவருடைய வேலைக்கே ஆபத்து. இதை அவர் யோசித்திருக்கிறாரா என்று கேளுங்கள்.

பங்குத்தந்தை மீது கோபம் வேண்டாம்

பெங்களூரில் பூசை மொழி விஷயத்தில் தமிழர்களுக்கு ஆறாத காயங்கள் இருக்கின்றன. நானும் தமிழ்ப் பூசைக்குப் போகிறவள்தான், அந்த வலி எனக்குப் புதிதல்ல. உங்கள் அண்ணன் எதையும் அந்தக் கண்ணாடி வழியாகப் பார்ப்பதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் ஃபாதர் சொன்னது மொழிக்கும் விருப்புவெறுப்புக்கும் சம்பந்தமில்லாதது. சிவில் சட்டம் ஏற்காத ஒரு திருமணத்தை ஆயரின் அனுமதியில்லாமல் எந்தக் குருவும் நடத்திவைக்கக்கூடாது என்று திருச்சபைச் சட்டம் 1071 சொல்கிறது. முந்தைய உறவில் பிறந்த பிள்ளைக்குக் கடமைப்பட்டவர்களின் திருமணத்துக்கும் அதே அனுமதி வேண்டும் என்று அதே சட்டத்தில் இருக்கிறது. திருச்சபை உங்கள் மகளையும் மனதில் வைத்துத்தான் இதை எழுதியிருக்கிறது. அவர் தமிழராக இருந்தாலும் இதையேதான் கேட்டிருப்பார். சொல்லப்போனால் கண்ணை மூடிக்கொண்டு ஓலை வாசித்திருந்தால்தான் அவர் உங்களுக்குத் தீங்கு செய்திருப்பார்.

திருச்சிப் பக்கத்து யோசனையைக் கைவிடுங்கள். எந்தப் பங்கில் நடந்தாலும் உங்கள் ஞானஸ்நானப் பங்கிலிருந்து புதுச் சான்றிதழ் வேண்டும், ஓலை சொந்தப் பங்கிலும் வாசிக்கப்பட வேண்டும். இதையெல்லாம் தாண்டி ஒரு குரு நடத்திவைத்தாலும், சிவில் சட்டத்தின் முன் அது பெங்களூரில் நடந்தால் எவ்வளவு செல்லாதோ திருச்சியில் நடந்தாலும் அவ்வளவு செல்லாது. பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்ச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்தாலும் இதே கதைதான். அங்கேயும் இருவரில் யாருக்கும் உயிரோடு துணை இருக்கக்கூடாது.

ஏழு வருடக் கணக்கு எங்கிருந்து வந்தது?

இதை நான் கோர்ட் வராந்தாவில் வாரத்துக்கு ஒரு முறையாவது கேட்கிறேன். விவாகரத்துச் சட்டத்தில் ஏழு வருடம் என்று ஒரு பிரிவு உண்மையில் இருக்கிறது. ஆனால் அது, துணை உயிரோடு இருப்பதாக ஏழு வருடமாக யாருக்கும் தகவலே இல்லை என்றால் விவாகரத்து கேட்கலாம் என்ற பிரிவு. உங்கள் கணவர் கோயம்புத்தூரில் இருக்கிறார், தீர்ப்பாயத்துக்கே வந்து பேசியிருக்கிறார். பிரிந்து வாழ்ந்தால் எத்தனை வருடமானாலும் இந்தியாவில் திருமணம் தானாக முறிவதில்லை.

சரி, என்ன வழி இருக்கிறது?

முதல் வழி, பரஸ்பர சம்மதம். 2001-ல் விவாகரத்துச் சட்டத்தைத் திருத்தியபோது கிறிஸ்தவர்களுக்கும் இந்த வழி திறந்தது. பிரிவு 10ஏ. அதற்கு முன் நம் பெண்கள் பட்ட பாடு தனிக் கதை. அப்போது விவாகரத்து கேட்கும் கணவன், மனைவியின் நடத்தை தவறியதை மட்டும் காட்டினால் போதும், மனைவியோ அதோடு கொடுமையையோ கைவிட்டதையோ சேர்த்துக் காட்ட வேண்டும் என்ற ஏற்றத்தாழ்வுகூட இருந்தது. இப்போது இருவரும் சேர்ந்து மனு கொடுத்தால், ஆறு மாதம் கழித்து, பதினெட்டு மாதத்துக்குள் மீண்டும் நீதிபதி முன் வந்து உறுதிசெய்ய வேண்டும். அந்த ஆறு மாதத்தை நீதிமன்றங்கள் சில வழக்குகளில் தளர்த்துவதுண்டு. அதை நம்பித் தேதி குறிக்காதீர்கள்.

"கையெழுத்துப் போட்டால் ஜீவனாம்சம் கேட்பாள்" என்று உங்கள் மாமியார் தடுக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே கவனமாக இருங்கள். கையெழுத்து கிடைக்க வேண்டும் என்பதற்காக உங்களுக்கான ஜீவனாம்சத்தை விட்டுக்கொடுப்பது உங்கள் இஷ்டம். மறுமணம் செய்தால் அது எப்படியும் நின்றுவிடும். ஆனால் மகளுக்கான பராமரிப்புச் செலவு உங்களுடையது அல்ல, அவளுடையது. அதை விட்டுக்கொடுத்து நீங்கள் எழுதிக்கொடுத்தாலும் அது அவளைக் கட்டுப்படுத்தாது. நீங்கள் மறுமணம் செய்தாலும் அவளுக்கான தொகை நிற்காது. மாமியாரிடம் இதை நேரடியாகப் பேச வேண்டாம். கோயம்புத்தூர்ப் பங்குத்தந்தை மூலமாகவோ, குடும்ப நீதிமன்றத்தின் மீடியேஷனிலோ பேசுவது நல்லது. பல வருடம் இழுத்த வழக்குகள் மீடியேஷன் அறையில் இரண்டு மணி நேரத்தில் முடிந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது வழி, அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் நீங்கள் தனியாகப் போடும் மனு. உங்களுக்குப் பொருந்துவது கொடுமை, இரண்டு வருடத்துக்கு மேல் கைவிட்டது ஆகிய இரண்டு காரணங்கள். "வீட்டைவிட்டு வந்தது நான்தானே, நான்தானே கைவிட்டவள் ஆவேன்?" என்று பயப்படுகிறீர்கள். இல்லை. அடியும் குடியும் தாங்காமல் ஒரு பெண் வெளியேறினால், அவளை வெளியேறச் செய்தவர்தான் கைவிட்டவர் என்று நீதிமன்றங்கள் ஏற்கும். ஆனால் அந்த அடியை நீங்கள் நிரூபிக்க வேண்டும்.

குடியை மறைத்து ஏமாற்றினார்கள் என்று சொல்லி, திருமணமே செல்லாது என்று சிவில் கோர்ட்டிலும் கேட்கலாமா என்றால், சட்டத்தில் இடம் இருக்கிறது. நான் அதை உங்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். உண்மை தெரிந்த பிறகும் நான்கு வருடம் சேர்ந்து வாழ்ந்து, பிள்ளையும் பிறந்திருக்கிறது. எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் பிடித்துக்கொள்வார். திருச்சபைத் தீர்ப்பாயம் ஏற்ற காரணத்தை சிவில் கோர்ட்டும் அப்படியே ஏற்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

வழக்குக்காகக் கோயம்புத்தூருக்கு அலைய வேண்டியதில்லை. திருமணம் நடந்த ஊரிலேயே மனு போடலாம், உங்கள் திருமணம் இங்கேதான் நடந்தது. சம்மன் கிடைத்தும் அவர் வராவிட்டால் எக்ஸ்பார்ட்டியாக, அதாவது அவர் இல்லாமலேயே, வழக்கு நடக்கும். அவர் இல்லையென்றாலும் சாட்சியத்தை நீங்கள் வைத்துத்தான் ஆக வேண்டும், ஆர்டர் தானாக வந்துவிடாது.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

கோயில் திருமணச் சான்றிதழ், மகளின் பிறப்புச் சான்றிதழ், இருவரின் ஆதார் நகல். 2018-க்குப் பிறகு நீங்கள் பெங்களூரில்தான் இருக்கிறீர்கள் என்று காட்டும் ஏதாவது: மகளின் பள்ளிச் சேர்க்கை, வாடகை ஒப்பந்தம், கிளினிக் சம்பளச் சீட்டு. அடிபட்டபோது கோயம்புத்தூரில் கையில் தையல் போட்ட மருத்துவமனைச் சீட்டு அம்மாவிடம் இருக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம் என்று விடாதீர்கள், தேடி எடுங்கள். உங்கள் பெட்டியிலேயே வலுவான காகிதம் அதுதான். அவர் அனுப்பிய மெசேஜ்களைப் பழைய போனிலேயே அழிக்காமல் வையுங்கள்.

தீர்ப்பாயத்தில் சொன்ன சாட்சியங்களின் நகலைக் கேட்டு அலையாதீர்கள். அவை பொதுவாக ரகசியம், வெளியே தருவதில்லை. அந்தத் தீர்ப்பில் வேறு இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, மறுமணத்துக்கு முன் தீர்ப்பாயத்தையோ ஆயரையோ அணுக வேண்டும் என்று உங்கள் பெயருக்கோ அவர் பெயருக்கோ தடைக்குறிப்பு ஏதாவது இருக்கிறதா. சில தீர்ப்புகளில் இருக்கும். இரண்டு, உங்கள் ஞானஸ்நானப் பதிவேட்டிலும் திருமணப் பதிவேட்டிலும் இந்தத் தீர்ப்பு குறிக்கப்பட்டுவிட்டதா. தீர்ப்பு வந்தும் பதிவேட்டில் ஏறாமல் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். இன்னொரு மேல் தீர்ப்பாயத்தின் உறுதி வேண்டுமாமே என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அது பழைய முறை. 2015 டிசம்பர் 8 முதல் அந்த இரண்டாவது தீர்ப்பு கட்டாயமில்லை. யாரும் மேல்முறையீடு செய்யாவிட்டால் முதல் தீர்ப்பே போதும்.

பணம், பயம், ஊர்ப்பேச்சு

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி கேட்கும் உரிமை உண்டு. சித்தையா ரோட்டில் நியாய தேகுலா கட்டடம் இருக்கிறது. குடும்ப நீதிமன்றமும் அங்கேதான், மாநில சட்டப்பணிகள் ஆணையமும் அங்கேதான். ஆதாரும் மேலே சொன்ன காகிதங்களும் எடுத்துக்கொண்டு காலையிலேயே போங்கள். கன்னடம் பேச வராது என்ற தயக்கம் வேண்டாம். அந்த வராந்தாவில் பாதிப் பேச்சு தமிழில்தான் நடக்கிறது. தமிழ் தெரிந்த வக்கீல் வேண்டும் என்று கேளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பங்கில் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்ற பயத்துக்கு: குடும்ப நீதிமன்றத்தில் இருவரில் ஒருவர் கேட்டாலே விசாரணையை மூடிய அறையில் நடத்துவார்கள். முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

தவக்காலத்துக்கு முன் திருமணம் நடக்காது. இதை அம்மாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன். பரஸ்பர சம்மதம் கிடைத்தால் ஒரு வருடத்துக்குள் முடிய வாய்ப்பு இருக்கிறது. அவர் எதிர்த்து நின்றால் இரண்டு மூன்று வருடம்கூட ஆகலாம். ஆர்டர் வந்த பிறகும், மேல்முறையீட்டுக் காலம் முடிந்த பின்தான் மறுமணம் செய்யச் சட்டம் அனுமதிக்கிறது. எனவே ஆர்டர் காப்பி கையில் வந்த அன்றே ஓலைக்குக் கொடுத்துவிடாதீர்கள், உங்கள் வக்கீலிடம் தேதி கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்களுக்குக் காத்திருப்பது பழக்கம். எனக்குக் கவலை உங்களை மணக்கக் காத்திருப்பவரைப் பற்றித்தான். இந்தப் பதிலை அவரும் படிக்கட்டும். ரயில்வே விதியைப் பற்றி நான் எழுதியதைத் தன் யூனியன்காரர்களிடமோ அலுவலகத்திலோ கேட்டு உறுதிசெய்துகொள்ளட்டும். அப்புறம் இருவருமாகப் போய்ப் பங்குத்தந்தையைப் பாருங்கள், இந்த முறை அண்ணன் இல்லாமல்.